மாமனார் பேரில் ஒரு மூடிக் கடை

பெயர்ப்பலகைக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் டாட்காம் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. வீட்டு வாசலில் மாட்டப் பலகை வேண்டுமென்று யாராவது வந்தால் போதும், அளவு நாடாவைக் கையில் எடுப்பதற்குள் வாய் ஆரம்பித்துவிடும்.

"இந்தப் பலகைய யாருங்க பாக்கப் போறா? தபால்காரர் பாப்பார், எதிர்வீட்டுக்காரர் பாப்பார். உலகம் பாக்க வேணாமா? உங்க பேர்ல இருக்கற டாட்காமை வேற எவனாவது வாங்கி வச்சுக்கிட்டான்னா, அப்புறம் வந்து குத்துதே குடையுதேன்னா நான் என்ன பண்றது?"

பலகை கேட்க வந்த பல் டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அப்படிக்கூட நடக்குமா என்பார். நடக்கும் என்று டாட்காம் நாலு கதை சொல்வார். நாலில் மூன்று அவரே கட்டியது. டாக்டர் கடையை விட்டு இறங்கும்போது பலகைக்கு அளவு கொடுக்க மறந்திருப்பார், இணையத்தில் ஒரு பெயர் மட்டும் வாங்கியிருப்பார்.

கடை என்று பார்த்தால் எட்டடிக்குப் பத்தடிதான். முன்னால் ஒரு மேசை, பின்னால் அக்ரிலிக் தகடு வெட்டுகிற லேசர் மிஷின். அது ஓடினால் பிளாஸ்டிக் தீய்கிற நெடி மூக்கைத் துளைக்கும். சுவரோரமாக அட்டைப் பெட்டிகளில் மிச்சம் விழுந்த எழுத்துகள் கிடக்கும். மிஷின் ஒரு பலகையை வெட்டி முடிக்கிற நேரத்தில் டாட்காம் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை வாங்கி முடித்துவிடுவார்.

இந்தப் பித்து குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் மற்றவர்கள் பாத்திரமோ கடிகாரமோ கொடுப்பார்கள். இவர் ஒரு கவர் கொடுப்பார். பிரித்தால் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்து ஒரு டாட்காம், வழவழப்பான தாளில் அச்சடித்து இருக்கும். சொந்தத்தில் எந்தக் குழந்தைக்கும் பல் முளைப்பதற்குள் டாட்காம் முளைத்துவிடும். "இதை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்று கேட்டால், "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

பெயரை எந்தக் கம்பெனியில் பதிவது என்பதில் அவர் மகா கறார். இப்படிப் பெயர் பதிந்து கொடுக்கிற கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. எதுவாக இருந்தால் என்ன என்று நீங்களும் நானும் நினைப்போம். டாட்காம் நினைக்கமாட்டார். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு வெள்ளோட்டக் கணக்கைத் திறப்பார். பிறகு அதன் உதவி எண்ணுக்குப் போன் போட்டு அழுவார். சும்மா இல்லை, மூக்கை உறிஞ்சி, தொண்டை அடைத்து, பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு அழுவார்.

"மேடம், பாஸ்வேர்டு மறந்துபோச்சு மேடம். போன் வேற தண்ணியில விழுந்துடுச்சு. இந்தப் பேர் இல்லன்னா என் குடும்பமே நடுத்தெருவுல நிக்கும். எப்படியாவது உள்ள விட்டுடுங்க மேடம், புண்ணியமாப் போகும்!"

மனம் இளகி, "சரி அழாதீங்க சார், பிறந்த தேதி மட்டும் சொல்லுங்க" என்று இறங்கி வருகிற கம்பெனியை அந்த நிமிடமே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். என் அழுகைக்கு மயங்குகிறவன் நாளைக்குத் திருடன் அழுகைக்கும் மயங்குவான் என்பது அவர் கட்சி. இப்படி எட்டுக் கம்பெனிகள் மயங்கி விழுந்தன. ஒன்பதாவது கம்பெனியில் ஓர் அம்மாள் எடுத்தார். இருபத்திரண்டு நிமிடம் அழுகையைக் கேட்டுவிட்டு, "மன்னிக்கணும் சார், முடியாது" என்றார். டாட்காம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடடா, உங்க கம்பெனியத்தான் இவ்வளவு நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்!" என்றார். அந்த அம்மாள் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டார்.

அந்தக் கம்பெனியில் இன்னொரு வசதி இருந்தது. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் பெயர் ஒரு வருடம் இலவசம். டாட்காமுக்குச் சொந்தக்காரர்களுக்கா பஞ்சம்? பல் டாக்டரின் பெயரைச் சித்தப்பா பேரில் பதிந்தார். உடற்பயிற்சிக் கூடத்தின் பெயர் மச்சினி பேரில் போயிற்று. பெரியத்தை முழங்கால் வலியோடு கட்டிலில் படுத்திருக்கிறார், தான் ஒரு லாரிக் கம்பெனியின் பெயருக்குச் சொந்தக்காரி என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

டாட்காமின் தங்கை மூடி விற்கிறாள். பாத்திரம் இல்லை, வெறும் மூடி. உலகத்தில் மூடி தொலைந்த பாத்திரங்களும் டப்பாக்களும் புட்டிகளும் எத்தனை லட்சம் என்று யோசித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மூடி இல்லாத பாத்திரத்தைப் படம் பிடித்து, வாயின் அகலத்தை அளந்து அவளுடைய இணையதளத்தில் போட்டால், ஒரு வாரத்தில் பொருத்தமான மூடி வந்து சேரும். அவள் வீட்டு முன்னறையில் சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க மூடி. வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் அத்தனையும் ஒரே நேரத்தில் கலகலக்கும். அவளுக்குத் தெருவில் கடை கிடையாது. அந்த இணையப் பெயர்தான் கடை, வாசல், கல்லாப்பெட்டி எல்லாம்.

பெயர் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அவளைத் தவிர வேறு யாராவது அண்ணனோடு இத்தனை சண்டை போட்டிருந்தால் உறவு என்றைக்கோ அறுந்திருக்கும். பலகையின் நிறத்துக்குச் சண்டை, அவர் போன் பேசுகிற சத்தத்துக்குச் சண்டை, சண்டை போட விஷயமே இல்லாவிட்டால் நேற்றைய சண்டையின் பாக்கி. சண்டை போட்டு முடித்த கையோடு, "சாப்ட்டியா?" என்று கேட்பாள். டாட்காமுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் பொழுது போகாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கையில் ஒரு மூடியோடு கடைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணா, என் கடையக் காணோம்."

டாட்காம் திறந்து பார்த்தார். மூடிகள் இருந்த இடத்தில், இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஒரு பக்கம் வந்தது. அதற்குக் கீழே வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் விளம்பரம் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும் என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"இதுக்கா பயந்தே? அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்று டாட்காம் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் கம்பெனி என்று தேடினார், அந்த ஒன்பதாவது கம்பெனி. பாஸ்வேர்டு கேட்டது, நினைவில்லை. மறந்துவிட்டது என்ற இடத்தை அமுக்கினார். உங்கள் மின்னஞ்சலுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த மின்னஞ்சல் என்று பார்த்தவர் இன்னொரு தடவை பார்த்தார்.

அந்த மின்னஞ்சல் முகவரி மூடிக் கடைப் பெயரிலேயே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவரே போட்டது. பெயர் காலாவதியானதும் அந்த முகவரியும் கூடவே செத்துப்போயிற்று. பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறார் மனிதர். போன மாதம் வந்த எச்சரிக்கைக் கடிதங்களும் அதற்குள்தான் யாரும் திறக்காமல் கிடந்திருக்கின்றன. புதுப்பிக்கப் பணம் பிடிக்கிற வங்கி அட்டையும் எப்போதோ மாறிவிட்டது.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. கையிலிருந்த மூடியை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"இந்தப் பேர் போச்சுன்னா உன்கூட நான் சண்டை போட மாட்டேண்ணா" என்றாள். "இனிமே எப்பவுமே போட மாட்டேன்."

டாட்காம் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் போன பிறகு உதவி எண்ணுக்குப் போட்டார். எடுத்தது அதே குரல். இந்தத் தடவை அழுகை தானாகவே வந்தது.

"மேடம், நிஜமாவே மறந்துபோச்சு மேடம்! தங்கச்சி கடை மேடம்!"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சார், ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அழுதது நீங்கதானே?"

"ஆமா மேடம். அது பொய்யி, இது நிஜம்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். பதிவுல சொந்தக்காரர்னு யார் பேர் இருக்கோ, அவர் ஒப்பந்தத்துல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையோட வீடியோவுல வரணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

டாட்காம் தன் நோட்டைப் புரட்டினார். மூடிக் கடைக்கு நேராக அவருடைய கையெழுத்தில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது. மாமனார்.

மாமனார் இவரோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவர் பத்திரம் எழுதுகிறவர். நாற்பது வருடம் பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு, ஊரார் வீடுகளையும் மனைகளையும் கைமாற்றி எழுதியவர். வேலையை விட்ட அன்று மருமகன் ஒரு நல்ல சாய்வு நாற்காலி வாங்கித் தருவார் என்று வீட்டில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார். மருமகன் கவரை நீட்டினார். உள்ளே அவர் பெயரில் ஒரு டாட்காம். போகட்டும் என்று அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவைத்தார். அடுத்த வருடம் டாட்காம் அதைப் புதுப்பிக்க மறந்து, வேறு எவனோ வாங்கி, மாமனார் பெயரைத் தட்டினால் தொந்தி குறைக்கும் மாத்திரை வருகிற மாதிரி ஆகிவிட்டது. நண்பர்கள் மாத்திரை நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

"எங்க அப்பா பேர்லயா போட்டிருக்கீங்க? அவருக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சா போட விட்டிருப்பாரா?"

மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுந்து புருஷனையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனாள். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து மின்சாரக் கட்டண ரசீதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் கண்ணாடியை மகள் பக்கம் திருப்பினார்.

"என்ன விஷயமா வந்திருக்காராம்?"

மகள்தான் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் அஞ்சு வருஷமா ஒரு மூடிக் கடைக்கு முதலாளியா?"

"கடைக்கு இல்ல மாமா, பேருக்கு மட்டும்" என்றார் டாட்காம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையான்னு கேளு" என்று மகளிடம் சொன்னார். மகள் கேட்டாள். டாட்காம் வாயைத் திறப்பதற்குள் தங்கை முன்னால் வந்து, "மாமா, எனக்காக ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்" என்றாள்.

"உனக்காகப் போடறேம்மா. ஆனா படிச்சுட்டுத்தான் போடுவேன். படிக்காம கையெழுத்துப் போட்டவங்க கதையெல்லாம் என் கையாலதான் எழுதியிருக்கேன்."

ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம். அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள். எழுதியவரே எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். மாமனார் படித்தார். மர அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்து, ஓரத்தில் குறிப்பு எழுதி, புதன்கிழமை முழுக்கப் பதினோரு பக்கம் படித்தார். டாட்காம் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே காவல் கிடந்தார். கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மாமனார் திடீரென்று மேசையை ஓங்கித் தட்டினார்.

"இங்க வாங்க மாப்பிள்ளை! இந்தப் பதினாலாம் பிரிவப் பாத்தீங்களா? எப்ப வேணும்னாலும், என்ன வேணும்னாலும், சொல்லாமயே மாத்திக்குவாங்களாம். இது என்ன ஒப்பந்தமா, கொள்ளையா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பேசிவிட்டார். கோபத்தில் அவருக்கு அது தெரியவில்லை. டாட்காமுக்குத் தெரிந்தது, குளிர்ந்துபோனார்.

"நான் பாக்கல மாமா."

"இத்தனை பேர் வாங்கியிருக்கீங்க, ஒரு தடவகூடப் படிச்சதில்லையா?"

"கடைசியில ஒரு சின்னக் கட்டம் இருக்கும் மாமா. சம்மதம்னு போட்டிருக்கும். அதுல டிக் அடிச்சுடுவேன்."

மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அரைமணி நேரம் அதில் போயிற்று.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருபது நிமிடத்துக்கு நாற்பத்தொன்றாவது பக்கம் முடிந்தது. பிறகு கையெழுத்து. மாமனாரின் கையெழுத்தில் கீழே ஒரு சுழி உண்டு. அந்தச் சுழியை அவர் எதற்காகவும் அவசரப்படுத்தமாட்டார். நாற்பத்தொரு சுழி. மகள் பக்கத்தைத் திருப்ப, தங்கை படம் பிடிக்க, டாட்காம் ஏற்ற, நாலு நாற்பத்தெட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. திரையில் அந்த அம்மாளின் முகம் வந்தது.

"சார், இந்தப் பேருக்குச் சொந்தக்காரர் நீங்கதானா?"

"அப்படித்தான் இவங்க சொல்றாங்க" என்றார் மாமனார்.

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கினார். "சொல்றாங்கன்னா? உங்களுக்குத் தெரியாதா?"

"செவ்வாக்கிழமைதான் தெரியும்."

"அப்ப உங்க சம்மதம் இல்லாமதான் உங்க பேர்ல பதிஞ்சாங்களா சார்? அப்படின்னா நான் இதை நிறுத்த வேண்டியிருக்கும்."

மணி நாலு ஐம்பத்திரண்டு. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லுங்கள் மாமா, ஒரே ஒரு பொய் என்று டாட்காம் மனசுக்குள் கெஞ்சினார். மாமனார் பொய் சொல்லவில்லை. எச்சிலைத் தொட்டுப் பக்கங்களைத் திருப்பினார்.

"ஏழாம் பக்கம், மூணாவது பத்தி. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பதிஞ்சிருந்தா, அவர் பின்னால எழுத்துல ஒத்துக்கிட்டாப் பதிவு செல்லும்னு உங்க கம்பெனியே எழுதியிருக்கு. நான் ஒத்துக்கறேன். கீழ எழுதியும் இருக்கேன், பாருங்க. பதினாலாம் பிரிவுக்கு மட்டும் என் ஆட்சேபம் தனியா இருக்கு."

அந்த அம்மாள் எங்கோ போய் எதையோ புரட்டிவிட்டு வந்தார். "ஆமா சார், இருக்கு" என்றார். குரலில் பழைய விறைப்பு இல்லை. "இதை நாங்களே படிச்சதில்ல சார்."

டாட்காம் புதுப்பிக்கும் பணத்தைக் கட்ட, நாலு ஐம்பத்தேழுக்குப் பெயர் திரும்பி வந்தது. வழுக்கைத் தலை மறைந்து மூடிகள் தெரிந்தன. மாமனார் அதே மூச்சில், சொந்தக்காரன் என்ற உரிமையில், பெயரை டாட்காமின் தங்கை பேருக்கு மாற்றி எழுதச் சொன்னார். தங்கை வேறு இடத்தில் ஒரு தனி மின்னஞ்சல் திறந்து, பாஸ்வேர்டைத் தானே போட்டுக்கொண்டாள். மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனைப் பார்த்து, "வரேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெயர் கிடைத்துவிட்டது, சண்டை கிடைக்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் அவள் எதற்கெடுத்தாலும், "சரிண்ணா" என்றாள். டாட்காம் வேண்டுமென்றே போன் செய்து, உன் தளத்தின் நிறம் சகிக்கவில்லை என்றார். "ஆமாண்ணா, மாத்திடறேன்" என்றாள். உன் மூடியெல்லாம் ஆடுகிறது என்று ஊரே சொல்கிறது என்று அபாண்டமாக ஒரு பொய் சொன்னார். "இருக்கும்ணா" என்றாள். ஒரு தடவைகூடச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. டாட்காம் போனை வைத்துவிட்டு, லேசர் மிஷினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெட்டிய பலகைகளில் இரண்டு பாழாயின.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பெயர்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். லாரிக்காரர் பெயர் லாரிக்காரருக்கு, பல் டாக்டர் பெயர் பல் டாக்டருக்கு. சொந்தக்காரர்கள் பேரில் சிதறிக் கிடந்ததையெல்லாம் எடுத்து, அவரவர் பேரில், அவரவர் மின்னஞ்சலில் மாற்றினார். மாமனார் தினமும் காலையில் கடைக்கு வந்து, ஒவ்வொரு தாளையும் சரிபார்த்தார். பெரியத்தை மட்டும் லாரிக் கம்பெனியை விட மனசில்லாமல் ஒரு நாள் முரண்டு பிடித்தார். கடைசியில் நோட்டில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. டாட்காமின் சொந்தக் கடைப் பெயர். வாங்கிய முதல் பெயர் அதுதான், இலவசத்துக்காக முதன்முதலில் புது வாடிக்கையாளராகச் சேர்த்த சொந்தக்காரர் பேரில் இருந்தது. யார் என்று பார்த்த மாமனார், "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

டாட்காம் தாள்களை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியின் விளிம்பை அளந்துகொண்டிருந்தாள்.

"என் கடைப் பேரு உன் பேர்ல இருக்கும்மா. ஏழு வருஷமா. நான் சொல்லல. கையெழுத்து வேணும்."

அவள் மூடியைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை சத்தம் கேட்டது.

"ஏழு வருஷமா?" என்றாள். "உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காண்ணா? உன் சோத்துக்கு இருக்கற ஒரே பேரை எடுத்து என் தலையில கட்டிட்டு ஏழு வருஷம் வாயத் திறக்காம இருந்திருக்கே! நான் செத்துகித்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? என் பிள்ளைங்க வந்து உன் கடைய வித்திருந்தா? அடுத்தவன் பேர் போயிடும்னு ஊர் பூரா பயமுறுத்தத் தெரியுது, உன் பேர் எங்க இருக்குன்னு பாக்கத் தெரியல. அந்த மாமா மட்டும் இல்லன்னா அன்னிக்கு நான் எங்கே போயிருப்பேன்? மூணு ராத்திரி தூங்கல தெரியுமா? சொல்லித் தொலைச்சியா ஒரு வார்த்தை? குடு இங்க!"

தாள்களைப் பிடுங்கினாள். ஒரு வரியும் படிக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு திட்டு என்று போட்டுக்கொண்டே போனாள். சுவரில் மூடிகள் அதிர்ந்தன. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பிவிட்டார். டாட்காம் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். மூன்று வாரமாகக் கிடைக்காத சண்டை கிடைத்துவிட்டது. வெளியே சொன்னால் இன்னும் திட்டுவாள் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். நாற்பதாவது பக்கம் வந்தபோது, இந்த ஒப்பந்தத்தை இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது.